சேணம் இருக்கிறது, ராஜாவைக் காணோம்: கொரியத் தொடர்களில் மன்னர் ஜொங்ஜோ

1795-ஆம் ஆண்டு கொரிய மன்னர் ஜொங்ஜோ தலைநகரிலிருந்து சுவொனுக்கு எட்டு நாள் பயணம் போனார். அம்மாவுக்கு அறுபது நிறைவு. அப்பாவின் சமாதியும் அங்கேதான் இருந்தது. ஹான் ஆற்றைக் கடக்கப் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டார்கள். முழுப் பயணத்தையும், ஆன செலவு உட்பட, அரசாங்கமே பதிவு செய்து அச்சிட்டது. அதில் ஊர்வலப் படம் ஒன்று உண்டு. கொடி பிடிப்பவர், மேளம் அடிப்பவர், சமையல் ஆட்கள், பணிப்பெண்கள் என்று 1,700-க்கும் மேற்பட்ட மனிதர்களை அதில் எண்ணலாம். நடுவில் மன்னரின் குதிரை வருகிறது. சுற்றிலும் காவலர்கள், முதுகில் சேணம். அதன் மேல் யாரும் இல்லை.

மன்னரின் உருவத்தை இப்படிப்பட்ட படத்தில் வரைவது மரியாதைக் குறைவு என்பது அன்றைய வழக்கம். சரி, தனியாக வரைந்த உருவப்படமாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. கொரியப் போர்க்காலத்தில் பூசான் நகருக்குப் பத்திரமாக எடுத்துச் சென்ற அரச உருவப்படங்களில் பெரும்பகுதி 1954-இல் அங்கே ஏற்பட்ட தீயில் அழிந்துவிட்டது. இன்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஜொங்ஜோவின் படம் இருபதாம் நூற்றாண்டில் கற்பனையாக வரைந்தது. அதாவது, அந்த மனிதரின் முகம் யாருக்கும் தெரியாது.

காலியான அந்தச் சேணத்தில் கொரியத் தொலைக்காட்சியும் சினிமாவும் மாற்றி மாற்றி நடிகர்களை ஏற்றி உட்கார வைத்திருக்கின்றன. 2007-இல் ‘யி சான்’ தொடரில் லீ சொ-ஜின். 2010-இல் ‘சொங்க்யுன்க்வான் ஸ்கேண்டல்’ தொடரில் ஜோ சொங்-ஹா. 2014-இல் ‘யொக்ரின்’ படத்தில் ஹ்யொன் பின். 2021-இல் ‘தி ரெட் ஸ்லீவ்’ தொடரில் லீ ஜுன்-ஹோ. எல்லாருமே அழகர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவர்களைப் பார்த்துப் பார்த்து நம் மனதில் பதிந்த ராஜாவும், அந்த அரசு விட்டுச்சென்ற மலையளவு காகிதங்களில் இருக்கும் ராஜாவும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்தால், கதை தொடர்களில் வருவதைவிடச் சுவாரஸ்யமாகத் திரும்புகிறது.

முதலில் வாழ்க்கைச் சுருக்கம். ஜொங்ஜோவின் இயற்பெயர் யி சான். 1752-இல் பிறந்தவர், ஜோசொன் வம்சத்தின் 22-ஆவது மன்னர், 1776 முதல் 1800 வரை ஆண்டார். தாத்தா யொங்ஜோ 52 ஆண்டுகள் நாட்டை ஆண்டவர். அவருக்கும் அவர் மகன் சாதோவுக்கும் ஒத்துப்போகவில்லை. சாதோவுக்கு மனநிலை சரியில்லை, அரண்மனை ஆட்களைக் கொன்றார் என்று அவருடைய மனைவியே பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பு சொல்கிறது. 1762 கோடையில் யொங்ஜோ தன் மகனை மரத்தாலான அரிசிப் பெட்டிக்குள் இறங்கச் சொல்லி மூடிவிட்டார். எட்டாம் நாள் சாதோ இறந்தார். அப்போது பேரன் யி சானுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை.

திரைக்கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பாவைக் கொன்ற தாத்தா, அதே தாத்தாவின் மடியில் வளரும் பேரன், அப்பாவின் சாவுக்குக் காரணமாக இருந்தவர்கள் அமைச்சர்களாக எதிரே உட்கார்ந்திருக்கும் சபை. பதவியேற்ற மறு ஆண்டே, இரவில் படித்துக்கொண்டிருந்த மன்னரின் அறைக்கூரை மேல் காலடிச் சத்தம் கேட்டது. கொலை முயற்சி. இது கற்பனை இல்லை, அரசுக் குறிப்பில் இருப்பது. ‘யொக்ரின்’ படம் முழுக்க இந்த ஒரு நாளைச் சுற்றித்தான்.

எல்லாத் தொடர்களும் கைவைக்கும் காட்சி ஒன்று உண்டு. பதவியேற்ற அன்று ஜொங்ஜோ சபையைப் பார்த்து, “நான் சாதோ இளவரசரின் மகன்” என்கிறார். இசை உயரும், அமைச்சர்களின் முகம் வெளுக்கும், கேமரா ஒவ்வொரு முகமாகப் போகும். பழிவாங்கும் படலம் தொடங்கிவிட்டது என்று நமக்குப் புரியும்.

அந்த வாக்கியம் உண்மையில் சொல்லப்பட்டதுதான். ஆனால் அரசாண்டுக் குறிப்பில் பேச்சு அதோடு நிற்கவில்லை. வம்ச வரிசை கெடாமல் இருக்க, இளமையிலேயே இறந்துபோன தன் பெரியப்பா ஹ்யோஜாங்கின் வாரிசாகத்தான் முந்தைய மன்னர் தன்னை ஆக்கினார் என்று அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். பெற்ற அப்பாவுக்கான சடங்குகளை மரியாதையாகச் செய்யலாம், ஆனால் அவரை மன்னர் நிலைக்கு உயர்த்தவேண்டும் என்று யாராவது கிளம்பினால் சட்டப்படி தண்டிப்பேன் என்று எச்சரிக்கிறார். முழுதாகப் படித்தால் அது இரண்டு பக்கமும் வெட்டும் பேச்சு. அப்பாவை வெறுத்தவர்களுக்கு, நான் மறக்கவில்லை என்கிறது. அப்பா பெயரைச் சொல்லிப் பதவி தேட நினைப்பவர்களுக்கு, அந்தக் கடையைத் திறக்காதே என்கிறது. இருபத்து மூன்று வயது வாலிபர் முதல் நாளிலேயே இப்படிப் பேசியிருக்கிறார். தொடர்களோ முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கின்றன. கண்ணீரும் கோபமும் அதில்தானே இருக்கிறது.

‘யி சான்’ தொடரை எடுத்தவர் லீ ப்யொங்-ஹூன். அரண்மனைச் சமையல்காரியின் கதையான ‘தே ஜாங் கும்’ எடுத்தவர் என்றால் பலருக்குத் தெரியும். அவருடைய பாணி ஒன்றுதான்: நல்ல மனசுள்ள ஆள், சோதனைக்கு மேல் சோதனை, ஒவ்வொரு வாரமும் ஒரு சூழ்ச்சி, கடைசி நேரத்தில் தப்பித்தல். சமையல்காரிக்குப் பொருந்திய அச்சு மன்னருக்கும் பொருந்தியது. 77 பாகங்கள் ஓடிய அந்தத் தொடரில் யி சான் பெரும்பாலும் தனியாள். எதிரே நோரோன் கட்சி: தாடியைத் தடவிக்கொண்டு இரவில் கூடிச் சதி பேசும் முதியவர்கள்.

நோரோன் என்பது அந்தக் காலத்தின் பலம்வாய்ந்த அரசியல் அணி. சாதோ விஷயத்தில் அவர்களில் பலர் யொங்ஜோவின் பக்கம் நின்றது உண்மை. ஆனால் திரையில் வருவதுபோல் அது ஒரே கும்பல் இல்லை. ஜொங்ஜோவின் அம்மா ஹேக்யொங் பிறந்த ஹொங் குடும்பமே நோரோன்தான். அம்மாவின் சித்தப்பாவை ஜொங்ஜோ பதவிக்கு வந்த வருடமே சாகடித்தார். அரிசிப் பெட்டிச் சம்பவத்துக்கு நமக்கிருக்கும் மிக நெருக்கமான சாட்சியம் இந்த அம்மாவின் நினைவுக்குறிப்பு. அதை அவர் எழுதியதில் பிறந்த வீட்டின் மேல் விழுந்த பழியைத் துடைக்கும் நோக்கமும் இருந்தது. ஆக, பகையாளி வெளியே இல்லை, சாப்பாட்டு மேசையிலேயே இருந்தார். இதைத் தொடர்கள் தொட்டுவிட்டு நழுவிவிடுகின்றன. நல்லவர் கெட்டவர் என்று உடை நிறத்திலேயே பிரிக்க முடியாமல் போய்விடும் அல்லவா!

நோரோன் அணியில் கடுமையான பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் சிம் ஹ்வான்-ஜி. ஜொங்ஜோவின் பரம எதிரி என்றே நெடுங்காலம் பெயர். மன்னர் இறந்த பின் தலைமை அமைச்சராகி, மன்னர் கட்டியதைக் கலைத்தவர்களில் ஒருவர். 2009 பிப்ரவரியில் கொரிய அறிஞர்கள் ஏறக்குறைய 300 கடிதங்களை வெளியிட்டார்கள். 1796 முதல் 1800 வரை ஜொங்ஜோ தன் கைப்பட எழுதியவை. யாருக்கு? இதே சிம் ஹ்வான்-ஜிக்கு.

அந்தக் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பிரமிப்பும் வந்தது. நீ இந்த நாளில் இந்த மனுவைக் கொடு, நான் இப்படி மறுக்கிறேன், அப்புறம் நீ இப்படிச் செய் என்று சபையில் நடக்கப்போவதை மன்னரே முன்கூட்டி எழுதி அனுப்புகிறார். ஊருக்கு முன்னால் சண்டை, ராத்திரி கடிதப் போக்குவரத்து. ரகசியத்தை வெளியே விட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் எதிரில் இருப்பவர் மூத்த அமைச்சர் என்றும் பார்க்காமல், யோசனையில்லாத கிழவர் என்று திட்டுகிறார். மற்ற அதிகாரிகளைப் பற்றி வரும் வசவுகள் இன்னும் மோசம். சீன எழுத்தில் ஓடும் நடையின் நடுவே, “தலைகீழாகக் குழம்பிக் கிடக்கிறது” என்ற பொருளில் ஒரு கொரியப் பேச்சுச் சொல்லைக் கொரிய எழுத்திலேயே போட்டுவிடுகிறார். சில இடங்களில் “ஹா ஹா” என்று எழுத்திலேயே சிரிக்கவும் செய்கிறார். படித்ததும் அழித்துவிடு என்பது உத்தரவு. சிம் ஹ்வான்-ஜி அழிக்காமல் வைத்துக்கொண்டார். அதனால்தான் நமக்குக் கிடைத்தது.

‘யி சான்’ 2008-லேயே முடிந்துவிட்டது, அந்தத் தொடரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2009-க்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் பழைய அச்சிலேயே ஓடின. தனியாக நிற்கும் நல்ல ராஜா, சுற்றிலும் ஓநாய்கள். எதிராளியோடு சேர்ந்து சபையையே மேடை நாடகமாக நடத்திய ராஜாவை யாரும் கதாநாயகனாக எழுத முன்வரவில்லை. ஏன் என்று யோசித்தால் புரிகிறது. தன் ராஜா வஞ்சிக்கப்பட்டவராக இருப்பதைப் பார்வையாளர் விரும்புகிறார். அவரே தந்திரக்காரராக இருந்தால் யாருக்காக அழுவது?

கடிதங்கள் இன்னொரு பிரபலமான கதையையும் ஆட்டம் காணச் செய்தன. ஜொங்ஜோ 1800 கோடையில் நாற்பத்தேழு வயதில் இறந்தார். முதுகில் வந்த கட்டிகள், காய்ச்சல், பாதரசப் புகை போட்ட வைத்தியம். சிம் ஹ்வான்-ஜி தரப்பு விஷம் வைத்துக் கொன்றது என்ற சந்தேகம் அப்போதே சிலரிடம் இருந்தது. 1993-இல் வந்த ‘நிலையான பேரரசு’ என்னும் நாவலும், 1995-இல் அதை வைத்து எடுத்த படமும் அதை ஊர் முழுக்கப் பரப்பின. ஆனால் கடிதங்களில் ஜொங்ஜோ பல மாதங்களாகத் தன் உடம்பைப் பற்றிப் புலம்புகிறார். உள்ளே சூடு தாங்கவில்லை, தூக்கம் இல்லை, மருந்து குடித்தும் பயனில்லை என்கிறார். சாவதற்குச் சில நாள் முன் எழுதியதிலும் அதே பாட்டுத்தான். விஷம் வைப்பதாகச் சந்தேகப்படும் ஆளுக்கு யாரும் தன் நோயின் விவரத்தை இப்படி எழுதி அனுப்பமாட்டார்கள். வரலாற்றாசிரியர்களில் பலர் இப்போது நோயால் இறந்தார் என்ற பக்கமே நிற்கிறார்கள். விஷக் கதையை முழுதாகக் கைவிட மட்டும் திரைக்கு மனம் வரவில்லை.

விஷக் கதையில் கைகாட்டப்படும் இன்னொருவர் ஜொங்சுன் ராணி. யொங்ஜோ அறுபத்து நான்கு வயதில் மணந்த பதின்மூன்று வயதுப் பெண். உறவுமுறையில் ஜொங்ஜோவுக்குப் பாட்டி, வயதில் ஏழு வருடம்தான் மூத்தவர். தொடர்களில் இவர்தான் நிரந்தர வில்லி. ஜொங்ஜோ இறந்ததும் சிறுவயது மன்னருக்காக ஆட்சியைக் கையில் எடுத்தார். 1801-இல் கத்தோலிக்கர்களைக் கொடுமைப்படுத்தியதும், மன்னரின் சொந்தக் காவல்படையான ஜாங்யோங்யொங் கலைக்கப்பட்டதும் அவர் பெயரில்தான். இதெல்லாம் சரி. ஆனால் அதே 1801-இல், அதே ஆட்சியில், அரண்மனைக்கும் அரசு அலுவலகங்களுக்கும் சொந்தமாக இருந்த 66,000-க்கும் மேற்பட்ட அடிமைகளின் பதிவேடுகள் எரிக்கப்பட்டு அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்கும் வழக்கத்தை ஜொங்ஜோ 1778-இல் ஒழித்திருந்தார், விடுதலையைப் பற்றியும் யோசித்திருந்தார். அதை நடத்தி முடித்தது வில்லியின் ஆட்சி.

அப்படியென்றால் சீர்திருத்த மன்னர் என்ற பெயர் சும்மாவா? சும்மா இல்லை. பதவிக்கு வந்த ஆண்டே க்யூஜாங்காக் என்ற அரச நூலகத்தை நிறுவினார். பெயருக்குத்தான் நூலகம், உள்ளே நடந்தது இளம் அதிகாரிகளுக்கான பட்டறை. தாசி மகன், வேலைக்காரி மகன் என்று பெரிய பதவிகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த வைப்பு மனைவி வழிப் பிள்ளைகளில் நான்கு பேரை 1779-இல் அங்கே நூல் ஆய்வாளர்களாக வைத்தார். 1791-இல் தலைநகரில் பதிவு பெற்ற பெருவணிகர்கள் சிறு வியாபாரிகளை விரட்டும் உரிமையை, ஆறு பெரிய சங்கங்களுக்கு மட்டும் விட்டுவைத்து, மற்றவர்களிடமிருந்து பறித்தார். ஊர்வலம் போகும்போது சாதாரண ஆள் வெண்கலத் தட்டை அடித்துக் குறை சொல்லலாம் என்ற வழக்கத்தை இவர் அளவுக்குத் தாராளமாக யாரும் அனுமதிக்கவில்லை. ஆயிரக்கணக்கான மனுக்கள் வந்தன.

சுவொனில் கட்டிய ஹ்வாசொங் கோட்டையைச் சொல்லாமல் விட முடியாது. பத்து வருடம் ஆகும் என்று போட்ட கணக்கு, 1794-இல் தொடங்கி மூன்று வருடத்துக்குள் முடிந்தது. ஜொங் யாக்-யோங் என்ற இளம் அறிஞர் வடிவமைத்த, கப்பிகளால் கல்லைத் தூக்கும் எந்திரம் உதவியது. ஆட்களைக் கட்டாயமாக இழுத்துவந்து வேலை வாங்காமல் கூலி கொடுத்தார்கள். எந்தக் கொத்தனார், எந்த ஊர், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று அரைநாள் கணக்குவரை எழுதிவைத்தார்கள். போரில் இடிந்த கோட்டையை 1970-களில் திரும்பக் கட்டியபோது இந்தப் பதிவேட்டைப் பார்த்தே கட்டினார்கள். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

என் கண்ணுக்கு ஜொங்ஜோவின் அசல் வீரம் இந்தக் கூலிப் பட்டியலில்தான் இருக்கிறது. வாள் சண்டையில் இல்லை. ஆனால் கணக்குப் பிள்ளை பேரேடு எழுதுவதை எந்த இயக்குநர் ஒரு மணி நேரம் காட்டுவார்? எனவே எந்திரம் ஒருமுறை கல்லைத் தூக்கும், மக்கள் கைதட்டுவார்கள், காட்சி மாறும்.

தொடர்கள் வசதியாகத் தாண்டிப்போகும் இடம் நாவல் விவகாரம். 1787-இல் இரவுப் பணியிலிருந்த இரண்டு இளம் அதிகாரிகள் சீன நாவல் படித்துக்கொண்டிருந்து மாட்டினார்கள். மன்னர் புத்தகத்தை எரிக்கச் சொன்னார். 1792-இல் இது கொள்கையாகவே ஆனது: சீனாவிலிருந்து கதைப் புத்தகங்கள் வரக்கூடாது, தேர்வில் புது நடையில் எழுதினால் கழித்துவிடு, புது நடையில் எழுதிய அதிகாரிகள் மன்னிப்புக் கட்டுரை எழுதித்தர வேண்டும். சீனப் பயணத்தைப் பற்றிப் பாக் ஜி-வொன் எழுதிய, இன்று கொரிய உரைநடையின் உச்சமாகக் கொண்டாடப்படும் பயண நூல்தான் இந்தக் கெட்ட நடைக்கு மூல காரணம் என்று மன்னரே சொன்னார். ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டவர்களுக்கு நூலகத்தைத் திறந்தவர், இன்னொரு பக்கம் எப்படி எழுத வேண்டும் என்று மிரட்டியவர். இதற்குப் பின்னால், பாரம்பரிய நடையைக் காக்கும் சாக்கில் நோரோன் வீட்டுப் பிள்ளைகளைத் தட்டிவைக்கும் அரசியலும் இருந்தது என்பார்கள். இருக்கலாம். அதற்காகத் தடை தடையில்லாமல் போய்விடாது.

அன்றிரவு நாவலோடு பிடிபட்ட இருவரில் ஒருவர் பெயர் கிம் ஜோ-சுன். ஜொங்ஜோ அவரை மன்னித்தார், நம்பினார், அவர் மகளையே தன் மகனுக்குப் பார்த்துவைத்தார். ஜொங்ஜோவுக்குப் பின் அந்தக் கிம் குடும்பம் மாமனார் வீட்டு உரிமையில் நாட்டைப் பிடித்துக்கொண்டு அறுபது வருடம் விடவில்லை. சீர்திருத்தத்தைக் கெட்ட அமைச்சர்கள் கவிழ்த்தார்கள் என்பது பாதிக் கதை. மீதிப் பாதியை மன்னரே ஆள் பார்த்து நிச்சயம் செய்தார்.

நாவல் என்றதும் ‘தி ரெட் ஸ்லீவ்’ நினைவுக்கு வரும். அதன் நாயகி சொங் தொக்-இம் அரண்மனைப் பணிப்பெண். கதை படித்துச் சொல்வதிலும், அழகாகப் பிரதி எடுப்பதிலும் கெட்டிக்காரி. இவர் நிஜமாகவே வாழ்ந்தவர், பின்னாளில் உய்பின் என்ற பட்டம் பெற்றவர். 1773-இல் இவரும் ஜொங்ஜோவின் தங்கைகளும் சேர்ந்து கையால் பிரதி எடுத்த நாவல் இன்றும் இருக்கிறது. நாவலைத் தடுத்த மன்னர் மனம் பறிகொடுத்தது நாவலை நகலெடுத்த பெண்ணிடம்!

‘யி சான்’ தொடரிலும் இவர் வருகிறார், சோங்-யொன் என்ற பெயரில், ஓவியக்கூடத்தில் வேலை செய்யும் பெண்ணாக. சிறுவயதுத் தோழி, ராஜாவுக்காக உருகுகிறவள், கடைசிவரை அவரைத் தாங்கிப்பிடிக்கும் தூண். அவளுக்கென்று தனியாக என்ன வேண்டும் என்று தொடர் அதிகம் கேட்கவில்லை. 2021 தொடர் அதைத்தான் கேட்கிறது. எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் இதுதான். அதில் ராஜா நல்லவர், நியாயவான், வசீகரமானவர்; ஆனாலும் ராஜா. அவர் கேட்கும் கேள்விக்கு இல்லை என்று சொல்ல எதிரிலிருப்பவருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே கதை.

இதற்கு ஆதாரம் ஜொங்ஜோ தன் கையால் எழுதிய கல்லறைக் குறிப்பு. இளமையில் தன் துணைவியாகும்படி முதல்முறை கேட்டபோது, ராணிக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லையே என்று தொக்-இம் அழுது மறுத்தார், நானும் வற்புறுத்தவில்லை என்கிறார். பதினைந்து வருடம் கழித்து மறுபடி கேட்டார், மறுபடி மறுப்பு. அப்போது தொக்-இமுக்குக் கீழிருந்த வேலையாளைத் தண்டித்தேன், அதன்பிறகே சம்மதித்தார் என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1782-இல் மகன் பிறந்தான். 1786 கோடையில் அவன் அம்மை கண்டு இறந்தான். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், அடுத்த குழந்தையைச் சுமந்திருந்த தொக்-இமும் போய்ச்சேர்ந்தார்.

சீர்திருத்த மன்னர், காதல் மன்னர் என்ற இரண்டு பட்டங்களையும் அந்த ஒரு வாக்கியம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நம்மை நிறுத்திவிடுகிறது. தொடர் இந்த உறுத்தலை வேறு விதத்தில் சொல்கிறது. மரணப் படுக்கையில் தொக்-இம் மன்னரிடம் ஒன்று கேட்கிறாள்: மறுபிறவியில் என்னைப் பார்த்தால் தெரியாததுபோல் கடந்து போய்விடுங்கள். அவளை வெறுக்க முடியாமல், அதற்கு ஒப்புக்கொள்ளவும் முடியாமல் லீ ஜுன்-ஹோ உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியில் அரியணையும் இல்லை, சதிகாரர்களும் இல்லை. அப்புறம் கடைசியில் இருவரையும் கனவுபோல ஒரு முற்றத்தில் சேர்த்துவைத்துவிட்டார்கள். எல்லாரும் அழுதார்கள், நானும்தான்.